தாம்பாளம் பிடித்த கை

1. தண்ணீர் நின்ற காலை

தேர்தல் காலத்தில் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. ஈ-பேப்பர் வெளியாகும் வரைக்கும் ஹேண்ட்போனைக் கீழே வைக்க மாட்டேன். நான் அனுப்பியது ஒன்றாக இருக்கும், அச்சில் வருவது இன்னொன்றாக இருக்கும். அந்த இன்னொன்று என்ன என்று தெரிகிறவரை ஒரு மிடறு தேத்தண்ணிகூட உள்ளே போகாது. தேயிலைக்குப் பேர்போன கேமரன் மலையில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்க முடியவில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

கம்போங் ராஜாவில் நான் ஒரு சின்ன ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறேன். கூடவே, கோலாலம்பூரிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலை வட்டார நிருபர். அதற்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொன்னால் சம்பளத்துக்கே கோபம் வந்துவிடும். இருந்தாலும் தலை நரைக்கும் வரை அந்த வேலையை விடாமல் பார்த்துவிட்டேன். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள், "ஆண்ட்டி, எலெக்ஷன் நியூஸ் எப்படி எழுதணும்?" என்று வாட்சாப்பில் கேட்கிறார்கள். நான் இந்த ஒரு கதையைத்தான் சொல்வேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

கட்சிப் பெயர், ஆள் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். இரண்டு வேட்பாளர்கள். ஒருவரை மீசைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவரைக் கண்ணாடிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பேச்சுகளிலும் உண்மைப் பெயர் வந்த இடத்தில் இதையே போட்டிருக்கிறேன்.

ஓட்டுப் பதிவுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கும் மேல் இருந்தது. கடையைத் திறந்து ஷட்டரைக்கூட முழுக்கத் தூக்கவில்லை, முத்தையா மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்காரர். மனைவி சரசு தோட்டத்து ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். இவர் கோலா தெர்லா பக்கம் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து, பிளாஸ்டிக் கொட்டகை போட்டு, செவ்வந்தி வளர்க்கிறார். மொட்டெல்லாம் வெட்டுக்கு நெருங்கிய நேரம், ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் கருகிவிடும். அந்த ஒரு வெட்டுதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம்.

"அக்கா, தண்ணி நிக்குது" என்றார்.

"பைப் ஒடஞ்சிருக்கும். போய்ப் பாருங்க."

"ஒடயல. மேல வால்வ மூடிட்டாங்க. பூட்டும் போட்டாச்சு."

"யாரு?"

"தங்கராஜு. எல்லாம் உங்க பேப்பராலதான்."

அன்றைக்கு விடிந்ததிலிருந்து சிக்னல் இல்லாமல் நான் ஈ-பேப்பரைப் பார்க்கவே இல்லை; இப்போது ஹேண்ட்போனை எடுத்துத் திறந்தேன். முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குச் சரசு நின்றுகொண்டிருந்தாள். மீசைக்காரர் கழுத்தில் மாலை போடுகிறாள். மேலே கொட்டை எழுத்தில்: "உங்களுக்கே எங்கள் ஓட்டு! தோட்டத்துத் தாய்மார்கள் உறுதி". படம் நான் எடுத்தது. தலைப்பு நான் கொடுத்ததில்லை.

2. நடுலைன் முறை

இந்த மாலை விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் மேல்லைன், நடுலைன், கீழ்லைன் என்று மூன்று வரிசை வீடுகளும் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தால் முதலில் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவோம். கோயில் செயலாளர் தாம்பாளத்தில் மாலையை வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். முறை எந்த லைனுக்கோ அந்த லைனிலிருந்து ஒரு பெண் அதை எடுத்துப் போடுவாள். போன தடவை மேல்லைன் என்றால் இந்தத் தடவை நடுலைன். வருகிறவர் யார், என்ன கட்சி என்பதெல்லாம் கேள்வியே இல்லை. வந்தவர் விருந்தாளி, அவ்வளவுதான்.

டெங்கி வந்த காலத்தில் கொசு மருந்து அடிக்க வந்த சுகாதார அதிகாரிக்கும் மாலை போட்டிருக்கிறோம். அதற்காகத் தோட்டமே கொசு மருந்துக்கு ஓட்டுப் போட்டது என்று அர்த்தமா?

மீசைக்காரர் வந்த அன்று முறை நடுலைனுக்கு. நடுலைனில் மற்ற பெண்களெல்லாம் வேலையில் இருந்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து வந்த சரசு அகப்பட்டாள். மாலையும் அவள் கொட்டகையில் முந்திப் பூத்த செவ்வந்தியில் கட்டியதுதான். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது தங்கராஜு. ஏனென்றால் கோயில் செயலாளர் அவன்தான்.

இதே தங்கராஜுதான் கண்ணாடிக்காரர் கட்சிக்கு எங்கள் பக்கத்துக் கிளைத் தலைவரும். கீழ்லைனில் பிறந்தவன், என்னைவிடச் சின்னவன். லோரி ஓட்டி, சொந்த லோரி வாங்கி, கோலா தெர்லாவில் கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ், தக்காளி எல்லாம் போட்டு முன்னுக்கு வந்தவன். மலை ஓடையிலிருந்து வரும் கறுப்புப் பைப் முதலில் அவன் நிலத்தைத் தொட்டுவிட்டுத்தான் முத்தையாவின் கொட்டகைக்குப் போகும். கட்சி வேறு, கோயில் வேறு என்று அன்றைக்கு அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிரித்தபடிதான் தாம்பாளத்தைப் பிடித்தான். மீசைக்காரரிடம், "சாப்டுட்டுத்தான் போகணும் லா" என்று வேறு சொன்னான்.

சரசு ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையைப் போட்டாள், கும்பிட்டாள், கொட்டகைக்குப் போக பஸ் பிடிக்க ஓடினாள்.

நான் படத்தை அனுப்பும்போது கீழே எழுதியது இதுதான்: தோட்டக் கோயிலில் வேட்பாளருக்கு வழக்கமான வரவேற்பு. முறைப்படி நடுலைன் சார்பில் திருமதி சரஸ்வதி மாலை அணிவித்தார். கோயில் செயலாளர் தங்கராஜு உடன் இருந்தார்.

கோலாலம்பூர் ஆபீஸில், செய்தியைத் திருத்துகிற டெஸ்கில், படத்தை இடது பக்கம் வெட்டியிருந்தார்கள். தங்கராஜு போய்விட்டான். மிஞ்சியது தாம்பாளத்தின் ஓரமும், அதைப் பிடித்த இரண்டு விரலும், ஒரு விரலில் பச்சைக்கல் மோதிரமும். சரசு சொல்லாத பேச்சை அவள் வாயில் வைத்துவிட்டார்கள்.

3. தைத்து வைத்த சட்டை

செய்தி ஆசிரியர் சந்திரன் சாருக்குப் போன் போட்டேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தலைப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் தேர்தல் வந்தால் அவருக்கு வேறு ஏதோ பிடித்துக்கொள்ளும்.

"சார், அந்தப் பொம்பள வாயே தெறக்கல. 'உங்களுக்கே எங்க ஓட்டு'ன்னு எப்ப சொன்னா?"

"லெட்சுமிம்மா, மாலை போட்டாங்களா இல்லையா?"

"போட்டாங்க. அது முறை சார். கேப்ஷன்ல எழுதியிருந்தேனே."

"வழக்கமான வரவேற்புன்னு போட்டா எவன் படிப்பான்? நாடு பூரா கேக்குறது ஒரே கேள்வி. தோட்டத்து ஓட்டு யாருக்கு? அதுக்குப் பதில் வேணும்லா."

"பதிலே இன்னும் வரலையே சார். ஓட்டே போடலயே!"

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் மூடிய கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு, "சரி, மறுப்பு போட்டுடலாம்" என்றார். "'மீசைக்காரருக்கு ஆதரவில்லை: தோட்டத்துத் தாய்மார்கள் மறுப்பு'. ஓகேயா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியப்போகிறது என்று தெரிந்தது. இன்றைக்குக் கண்ணாடிக்காரர் ஆள் தண்ணீரை மூடினான். அப்படி ஒரு மறுப்பு வந்தால் நாளைக்கு மீசைக்காரர் ஆட்கள் சரசு வீட்டு வாசலில் நிற்பார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் பகை.

"ஐயோ சார், வேணாம். ஒண்ணும் போடாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்" என்று போனை வைத்தேன்.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டெஸ்கில் சட்டையை முதலிலேயே தைத்துவிடுவார்கள். அதற்குள் நுழைய ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். வேட்புமனு தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே "தோட்டத்து ஓட்டு யாருக்கு" என்ற சட்டை தயாராகிவிட்டது. எங்கள் பேப்பரில் தேர்தல் நேரத்தில் தோட்டத்துக்காரர் வந்தால் இரண்டே கோலத்தில்தான் வருவார். ஒன்று மாலை போட்டுக்கொண்டு, இல்லை கண்ணீர் விட்டுக்கொண்டு. நின்று யோசிக்கிற மாதிரி ஒரு படம்கூட நான் அச்சில் பார்த்ததில்லை. எத்தனையோ அனுப்பியிருக்கிறேன்.

4. மோதிரம் இல்லாத விரல்

கடையைப் பக்கத்துக் கடைச் சீனத்தியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முத்தையாவின் மோட்டாரில் ஏறிக் கோலா தெர்லா போனேன். வழியெல்லாம் தூறல். மேலே பனிமூட்டம், ரோடெல்லாம் ஈரம், என் சேலை எல்லாம் ஈரம். கொட்டகைக்குள் போனால் மண் வறண்டு கிடக்கிறது! பிளாஸ்டிக் கூரைமேல் தூறல் விழும் சத்தம் காதில் கேட்கிறது, கீழே செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. டிரம்மில் பிடிக்கிற அளவுக்கும் மழை இல்லை. இருந்த தண்ணீரைப் பின்பக்கப் பாத்திகளுக்கு ஊற்றிவிட்டார்கள். முன்பக்கத்துக்கு இல்லை.

தங்கராஜு தன் பேக்கிங் கொட்டகையில் லோரியில் கோபிஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டேய் தங்கராஜு, என்னா வேல இது?"

"அக்கா, நீங்க இதுல தலையிடாதீங்க. அவ என்ன சொன்னான்னு பேப்பர்லயே போட்டிருக்கு."

"அவ ஒண்ணும் சொல்லலடா. நீ பக்கத்துலதான நின்ன? ஒன் காதுல விழுந்துச்சா?"

அவன் ஒரு கோபிஸ் கூடையைத் தூக்கி லோரியில் வைத்தான்.

"முறைக்குப் போட்டா. இது ஒனக்குத் தெரியாதா? தாம்பாளத்தப் புடிச்சது யாரு?"

"மெதுவா பேசுங்க அக்கா!" என்று என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "என் கிளை வாட்சாப் குரூப்புல அந்தப் படத்தப் போட்டு விடிஞ்சதிலேருந்து கேக்குறானுங்க. ஒன் தோட்டத்துப் பொம்பளயே அங்க மாலை போடுறா, நீ என்ன வேல பாக்குறன்னு. இன்னொருத்தன் கேக்குறான், அந்தத் தாம்பாளத்தப் புடிச்சிருக்கறது யாரோட கைன்னு."

அப்போதுதான் பார்த்தேன். அவன் விரலில் மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையமாக இருந்தது. ஆக, இவனுக்குக் கோபம் இல்லை, பயம். பயத்தை மறைக்கத்தான் சரசுமேல் கோபத்தைக் காட்டுகிறான். தண்ணீரை மூடினால், பாருங்கள் நான் எவ்வளவு விசுவாசம் என்று குரூப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

"எலெக்ஷன் முடியட்டும் அக்கா. மறுநாளே தெறந்து விட்டுடுறேன். அம்மன்மேல சத்தியமா."

"எலெக்ஷன் முடியற வரைக்கும் பூ தாங்குமாடா? நீயும் வெவசாயிதான?"

"நான் என்ன பண்றது? என் நெலம அப்படி."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என் போன்ல முழுப் படமும் இருக்குடா" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "போட்டுடுவீங்களா அக்கா?" என்று கேட்டான். குரல் கீச்சென்று வந்தது. சின்ன வயதில் என் வீட்டு வாசலில் கோலி விளையாடியவன். அவன் என்னைப் பார்த்து நடுங்குகிறான். ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷம் எனக்கே வெட்கமாகிவிட்டது. திரும்பி நடந்துவிட்டேன்.

5. இடது பக்கம் நிற்பவன்

முத்தையாவின் கொட்டகைக்கு வந்து ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன். சரசு ஃபேக்டரியிலிருந்து வந்துவிட்டாள். முன்பாத்தியில் ஒவ்வொரு செடியாகத் தொட்டுக்கொண்டே போனாள். அந்த நேரம் பார்த்துச் சந்திரன் சார் கூப்பிட்டார். குரலில் ஒரே உற்சாகம்.

"லெட்சுமிம்மா! படத்தை மறுபடி எடுத்துப் பாத்தோம். இடது பக்கம் தாம்பாளத்தோட நிக்கிறான் பாருங்க ஒருத்தன், அவன் கண்ணாடிக்காரரோட கிளைத் தலைவராமே? ஒரு ஆளு போன் பண்ணிச் சொல்றாரு!"

"கோயில் செயலாளர் சார் அவரு. கேப்ஷன்லயே..."

"அது கெடக்கட்டும். நாளைக்கு முதல் பக்கம். 'கண்ணாடிக்காரர் கூடாரத்தில் விரிசல்'. நீங்க சுருக்கமா நாலு வரி மட்டும் எழுதி அனுப்புங்க. அவன் ஏன் தாவுனான், தோட்டத்துல என்ன பேசிக்கிறாங்க. சரியா?"

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சரசு எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். போனை வைத்ததும் பாய்ந்து வந்தாள்.

"எழுதுங்க அக்கா! அவன் மானமும் போவட்டும். என் பூவ இப்படிப் பண்ணிட்டானே பாவி!"

முத்தையா, "அடியே, சும்மா இரு. அது வந்தா இவன் வால்வோட விடமாட்டான், பைப்பையே அறுத்துப் போட்டுடுவான்" என்றார்.

"அறுக்கட்டுமே! இப்ப மட்டும் என்னா வாழுது?"

"அவன் கச்சி அவனத் தூக்கி வீசிடும். அப்பறம் அவன் மொகத்துல எப்படி முழிப்ப? கோயிலுக்குப் போவ வேணாமா?"

"அவன் என் மொகத்துல முழிக்கறானா? நான் என்ன பண்ணுனேன்? முறைக்கு மாலை போட்டேன். அதுக்கு ஓட்டுன்னு பேரு வச்சது யாரு?" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

அந்தப் பார்வை இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

நான் எழுத மாட்டேன் என்றால் டெஸ்கே எழுதிக்கொள்ளும். படம் அவர்களிடம் இருக்கிறது. எழுதினால் தங்கராஜு ஒழிந்தான், சரசுவின் தண்ணீரும் ஒழிந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றைக்குக் கூத்தாடியின் சம்பளப் பட்டியலில்தான் என் பெயரும் இருந்தது.

போனைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பழைய படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. திருவிழா, வெள்ளம், ரோடு சரிவு. அதில் ஒரு படம் வந்தது. போன பொதுத்தேர்தலில் கண்ணாடிக்காரர் எங்கள் கோயிலில் நிற்கிறார். மேல்லைன் பெண் ஒருத்தி மாலை போடுகிறாள். தாம்பாளத்தோடு தங்கராஜு. இன்னும் தள்ளினேன். சுகாதார அதிகாரி. மாலை போடுவது கீழ்லைன் பெண். தாம்பாளத்தோடு தங்கராஜு. முதுகிலிருந்த கொசு மருந்து டின்னைக்கூட அந்த மனிதர் இறக்கவில்லை, அதற்குமேலே மாலை!

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

6. நான்தான் சாட்சி

சந்திரன் சாரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"சார், அந்த நாலு வரிய நான் எழுதமாட்டேன்."

"அப்ப நாங்க எழுதிக்கிறோம்."

"எழுதுங்க. தாவிட்டான்னு நீங்க போட்டா அவன் வக்கீல் நோட்டீஸ் விடுவான். சரசுவும் விடுவா, நானே கூட்டிட்டுப் போறேன். அங்க நின்னது நான். படம் எடுத்தது நான். என்ன நடந்துச்சுன்னு கேட்டா நான்தான் சாட்சி. நான் என்ன சொல்வேன்னு ஒங்களுக்கே தெரியும்."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். சம்பளத்துக்காக இல்லை. நிருபர் அக்கா என்று மலை பூராவும் கூப்பிடுகிறார்களே, அது போய்விடுமே என்று.

"என்ன லெட்சுமிம்மா, மெரட்டுறீங்களா?"

"கெஞ்சுறேன் சார். மூணு படம் அனுப்புறேன். மூணையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. எதையும் வெட்டாதீங்க. கேப்ஷன் நான் எழுதறேன், என் பேரப் போடுங்க."

படங்கள் போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார்.

"இதுல செய்தி எங்கம்மா இருக்கு?"

"மூணு கழுத்து, ஒரே தாம்பாளம். அதான் சார் செய்தி."

"யாரு ஜெயிப்பான்னு இதுலேருந்து ஒண்ணும் தெரியலயே."

"எனக்கும்தான் சார் தெரியல. யாருக்குமே தெரியல. தெரியலன்னு ஒரு நாளாச்சும் போடுவோம்."

அவர் பெருமூச்சு விட்டார். "அந்தக் கொசு மருந்துக்காரர் படம் நல்லாருக்கு" என்றார். "உள்பக்கத்துல பாக்குறேன். வாக்கு குடுக்கல, பாக்குறேன்."

7. காற்று வந்த பைப்

மறுநாள் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுபடி வெட்டிவிட்டால்? மூன்றில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டால்? மேலே ஏதாவது ஒரு தலைப்பை ஒட்டிவிட்டால்? வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனோ என்று பயம்.

ஈ-பேப்பர் வந்தது. முதல் பக்கத்தில் வேறு ஏதோ தொகுதிச் சண்டை. பக்கம் பக்கமாகத் தள்ளினேன். உள்ளே, பள்ளிச் செய்திகளுக்குப் பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள் மூன்று படமும் முழுசாக இருந்தன. தலைப்பு: "வந்தவருக்கு மாலை: மலைத் தோட்டத்து வழக்கம்". கீழே நான் எழுதியது, ஓர் எழுத்து மாறாமல். முதல் நாள் வந்த பேச்சை அந்த அம்மையார் பேசவில்லை என்ற வரியையும் எடுக்கவில்லை.

தங்கராஜுதான் முதலில் கூப்பிட்டான். "அக்கா, பாத்துட்டேன்" என்றான். "குரூப்புல போட்டேன். எல்லாரும் கொசு மருந்துக்காரரப் பாத்துச் சிரிக்கிறானுங்க. ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல" என்றான்.

"நான் ஒண்ணு கேக்குறேன்டா. நீ எதுக்கு அங்க நின்ன?"

"முறைக்கு அக்கா."

"அவளும் முறைக்குத்தான்டா போட்டா."

போனை வைத்துவிட்டான். நான் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். முத்தையாவிடமிருந்து போன். பின்னால் புஸ்புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"அக்கா, பைப்புல காத்து வருது!"

"காத்தா? தண்ணி இல்லயா?"

"காத்து வந்தா பின்னாலயே தண்ணி வரும் அக்கா. இருங்க, இருங்க... வந்துருச்சு!"

அன்றைக்குத்தான் தேத்தண்ணி உள்ளே இறங்கியது. ஆனால் முன்பக்கப் பாத்திகள் பிழைக்கவில்லை. மொட்டு கறுத்து அப்படியே நின்றுவிட்டது. தங்கராஜு அதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, சரசு கேட்கச் சொல்லவும் இல்லை.

ஓட்டுப் பதிவுக்கு முன் கண்ணாடிக்காரரும் வந்தார். முறை கீழ்லைனுக்கு. நான் போனைத் தூக்கியதும் தங்கராஜு வேட்பாளருக்கும் மாலை போடும் பெண்ணுக்கும் நடுவில் தாம்பாளத்தோடு வந்து நின்றுகொண்டான். மோதிரம் மறுபடி விரலில் இருந்தது. "அக்கா, இப்ப எடுங்க. எந்தப் பக்கம் வெட்டுனாலும் நான் இருப்பேன்" என்றான். கூட்டமே சிரித்தது. படம் முழுசாகத்தான் வந்தது.

யார் ஜெயித்தார் என்று கேட்பீர்கள். அது எல்லாப் பேப்பரிலும் வந்ததுதான், போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மாலை போடுகிற கையை எடுத்தால் தாம்பாளம் பிடிக்கிற கையையும் சேர்த்து எடுங்கள், வெட்ட முடியாத இடத்தில் நிற்க வைத்து எடுங்கள். ஏன் போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பேசாதவர் பேசவில்லை என்றே எழுதுங்கள். டெஸ்கில் தைத்து வைத்த சட்டைக்கு ஆள் பிடித்துக் கொடுக்காதீர்கள். பேப்பர் மறுநாள் நாசிலெமாக் சோறு மடிக்கப் போய்விடும், அதில் வந்த ஆள் இங்கேதான் இருப்பார். அதே பைப்பில்தான் அவருக்கும் தண்ணீர் வரவேண்டும்.

இது நடந்து ரொம்ப நாள் கழித்துச் சரசுவைக் கோயிலில் பார்த்தேன். அடுத்து யாராவது வந்தால் முறை சுற்றி மேல்லைன், அதற்கடுத்து மறுபடி நடுலைன். "ஒங்க லைன் முறை வந்தா போடுவியா சரசு?" என்று கேட்டேன்.

"முறைன்னு வந்தா போடத்தான அக்கா வேணும்" என்றாள். விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா அன்னிக்கு நீங்க ஹேண்ட்போன எடுக்காம கடையிலேயே வச்சிட்டு வந்துருங்க."

சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது என் வேலை. முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த தேர்தல் எப்போது என்று பேப்பர்களில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்குக் காலைச் சாப்பாடு மறுபடி இறங்க மாட்டேன் என்கிறது.